குமார் பொன்னம்பலமும் 1982ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலும்

1982ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 20ஆம் நாள் இலங்கை மக்கள் தம் வாக்கினால் முதன்முறையாக ஒரு சனாதிபதியைத் தெரிவுசெய்தனர். அபேட்சகர் அறுவர். ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜெயவர்த்தனா 3,450,811 வாக்குகள் பெற்று வென்றார். சிறீ லங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ 2,548,438 வாக்குகளும், மக்கள் விடுதலை முன்னணியின் ரோகண விஜேவீர 273,428 வாக்குகளும் பெற்றனர். நான்காம் இடத்தில் நின்றவர் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் குமார் பொன்னம்பலம். அவருக்குக் கிடைத்தவை 173,934 வாக்குகள். நாடு முழுவதிலும் செல்லுபடியான வாக்குகளில் 2.67 வீதம். இலங்கை அரசியல் வரலாறு கூறுவோர் இவருக்கு ஒரு வரிக்கு மேல் கொடுப்பது அரிது. அவ்வரியும் பெயரும் தொகையுமாகவே முடிந்துவிடும்.

ஆயினும், அதே தேர்தலின் யாழ்ப்பாண மாவட்டப் பெறுபேற்றைத் தனியே எடுத்து நோக்குவார்க்கு வேறொரு காட்சி புலனாகும். அங்கே முதலிடம் பெற்றவர் ஜெயவர்த்தனாவும் அல்லர், கொப்பேகடுவவும் அல்லர். 87,263 வாக்குகளுடன், அஃதாவது 40.03 வீதத்துடன், குமார் பொன்னம்பலமே முதல்வராய் நின்றார். பாராளுமன்றத்தில் ஓர் ஆசனந்தானும் இல்லாத கட்சி. மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர் அனைவரையும் தன்னிடத்தே கொண்டிருந்த பெருங்கட்சியோ ஒதுங்கி நின்றது. இந்நிலையில் இவ்வாக்குகள் எவ்வாறு விழுந்தன, ஏன் அவற்றிலும் மிகுதியாக விழவில்லை என்னும் வினாக்கள் இரண்டும் ஆராயத்தக்கன.

தேர்தல் நிகழ்ந்த சூழலை முதலிற் சுருங்கக் கூறுதல் வேண்டும். ஜெயவர்த்தனா 1978ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாளே நிறைவேற்று அதிகாரமுடைய சனாதிபதியாகிவிட்டார். ஆனால் அப்பதவிக்கு மக்கள் அவரை நேரே தெரிந்தெடுத்தாரல்லர். அவ்வாண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய அரசியற்றிட்டம் அப்பதவியை உறுதிப்படுத்தியது. 1982 ஓகஸ்டிற் செய்யப்பட்ட மூன்றாவது திருத்தம், பதவியிலிருப்பவர் நான்காண்டு கழிந்தபின் தாம் விரும்பிய வேளையில் தேர்தலை நாடலாம் என இடமளித்தது. எதிர்க்கட்சியின் இயல்பான தலைவியாகிய சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியுரிமைகள் 1980 ஒக்டோபரில் ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டிருந்தன. களத்தைத் தாமே அமைத்து, நாளைத் தாமே குறித்து, எதிரியின் கையையும் கட்டிவைத்தபின் நடத்தப்பட்ட போட்டி அது. அத்தகைய போட்டியில் எவரும் கலந்துகொள்ளாமல் விடுவதே சிறப்பன்றோ என்று ஒருவர் கேட்கலாம். தமிழர் விடுதலைக் கூட்டணி கேட்டதும் ஏறத்தாழ அதுவே.

கூட்டணியின் வாதத்தை அதன் வலிமையோடு எடுத்துரைப்பது நேர்மை. 1976ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வட்டுக்கோட்டைத் தொகுதியிலே பண்ணாகத்தில் கூடிய மாநாடு தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. அடுத்த ஆண்டு யூலையில் நடந்த பொதுத் தேர்தலில் அத்தீர்மானத்தை முன்வைத்து மக்களின் ஆணையைக் கேட்ட கூட்டணி, வடமாகாணத்தின் பதினான்கு ஆசனங்களையும் கிழக்கில் நான்கையும் பெற்றது. அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தனியரசு வேண்டுமென மக்கள் தீர்ப்புக் கூறியபின், இந்த அரசின் தலைவர் யார் என்பதைத் தெரியும் தேர்தலில் தமிழர்க்கு என்ன அலுவல்? இது கேட்போர் நெஞ்சிற் பதியும் வாதமே. ஆனால் வாதத்தைச் சொன்னவர்கள் அதன்படி நின்றார்களா என்பது வேறு விடயம். அதே அரசின் பாராளுமன்றத்திலே கூட்டணியினர் அமர்ந்திருந்தனர்; அதே அரசியற்றிட்டத்தின் கீழ் எதிர்க்கட்சித் தலைவருக்குரிய சிறப்புக்களையும் ஏற்றிருந்தனர். 1981 யூன் 4ஆம் நாள் நடைபெற்ற மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலிலும் போட்டியிட்டனர். அத்தேர்தலுக்குச் சில நாள் முன்னரேயே, மே 31ஆம் நாள் இரவு தொடங்கி, ஏறத்தாழ 97,000 நூல்களைக் கொண்டிருந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. நூலகத்தின் சாம்பல் ஆறுமுன் மாவட்ட சபைக்கு வாக்குக் கேட்கலாம் எனின், பதினாறு மாதங்களின் பின், அத்தீ மூண்டபோது நாட்டை ஆண்டவருக்கு எதிராக வாக்களிக்கலாகாது என்று கூறுவதில் என்ன நியாயம் உண்டு? இவ்வினாவுக்குக் கூட்டணியின் மேடைகளிலிருந்து தெளிவான விடை பிறக்கவில்லை. சபைகளின் வாயிலாகச் சிறிதளவேனும் அதிகாரம் பெறலாம் என்ற நம்பிக்கை ஜெயவர்த்தனாவை நேரடியாகப் பகைக்க அவர்களை விடவில்லை என்று அக்காலத்திற் பலர் கருதினர். அக்கருத்தைத் தள்ளிவிடுவது எளிதன்று.

தேர்தலைப் புறக்கணித்தல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதுமன்று. 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் முதலாவது அரசாங்க சபைத் தேர்தல் வந்தபோது, பூரண சுயராச்சியம் வழங்கப்படவில்லை என்ற காரணத்தினால் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் பகிஷ்காரத்துக்கு அழைப்பு விடுத்தது. ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் முன்னின்ற அவ்வியக்கம் தூய நோக்கமுடையது. காந்தியடிகளின் காற்றை உண்டு வளர்ந்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் வேட்புமனுத் தாக்கல் செய்வார் இல்லாது போயினர். தென்னிலங்கையும் பின்தொடரும் என எதிர்பார்த்தனர், தென்னிலங்கை பின்தொடரவில்லை. விளைவு யாதெனில், நிர்வாகக் குழுக்கள் அமைந்து, அமைச்சர்கள் பதவியேற்று, நாட்டின் புதிய ஆட்சிமுறை கால்கொண்ட அந்த முதல் மூன்றாண்டுகளிலும் குடாநாட்டுக்குச் சபையிலே குரல் இல்லை. 1934இல் இடைத்தேர்தல் நடத்தப்பட்டபோதுதான் அவ்வாசனங்கள் நிரம்பின. அவ்வாறு பருத்தித்துறைத் தொகுதியிலிருந்து சபை புகுந்த இளம் வழக்கறிஞர் ஜி. ஜி. பொன்னம்பலம். பகிஷ்காரத்தால் வெற்றிடமான நாற்காலியிலே தந்தை அரசியல் வாழ்வைத் தொடங்கினார். நாற்பத்தெட்டு ஆண்டுகளின் பின் மைந்தர் இன்னொரு பகிஷ்காரத்துக்கு எதிரே நின்று போட்டியிட்டார்.

தந்தையின் பெயர் மைந்தருக்குச் செல்வமாகவும் இருந்தது, கடனாகவும் இருந்தது. 1944இல் தமிழ்க் காங்கிரசைத் தோற்றுவித்து, சோல்பரி ஆணைக்குழுவின் முன் ஐம்பதுக்கு ஐம்பது என்னும் சமபல பிரதிநிதித்துவக் கோரிக்கையை வாதாடியவர் ஜி. ஜி. 1947இல் யாழ்ப்பாணத் தொகுதியில் அருணாசலம் மகாதேவாவைத் தோற்கடித்தவர். ஆனால் அடுத்த ஆண்டே டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையிற் கைத்தொழில் அமைச்சராகச் சேர்ந்தார். மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமை பறிபோன வேளையில் அரசாங்கத்தோடு சேர்ந்து நின்றது காங்கிரசின் மேற் படிந்த கறையாயிற்று. அதனைப் பொறாத செல்வநாயகம் வெளியேறி 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைக் காட்டிக் காங்கிரசார் தம் தலைவரின் அமைச்சுப் பணியைப் புகழ்ந்தனர். ஊரார் சீமெந்தைக் கொண்டு வீடு கட்டினர், வாக்கைத் தமிழரசுக்கு அளித்தனர். 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜி. ஜி. தமது யாழ்ப்பாணத் தொகுதியிலேயே தோல்வியுற்றார். 1972இல் காங்கிரசும் தமிழரசுக் கட்சியும் பழம்பகை மறந்து ஓரணியிற் கூடின. 1977ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜி. ஜி. மறைந்தார், ஏப்ரலிற் செல்வநாயகமும் மறைந்தார். யூலைத் தேர்தலுக்கான அபேட்சகர்களைக் கூட்டணி தெரிந்தபோது குமாருக்கு இடமளிக்கப்படவில்லை. அவர் வெளியேறிக் காங்கிரசைத் தனித்து இயக்கலானார்.

ஆதலின், 1982இல் அவர் களமிறங்கியபோது எதிரணியினர் கூறுதற்குப் பழிமொழி ஆயத்தமாயிருந்தது: ஆசனம் கிடையாத ஆத்திரத்தில் ஒற்றுமையைக் குலைக்கிறார் என்பது அது. தனிப்பட்ட மனக்குறை சிறிதும் இல்லை என்று அவருக்காக வாதாடுவார் எவரும் சத்தியஞ் செய்ய இயலாது. அரசியலில் மனக்குறையின்றி மேடையேறியவர் பெயரைக் கேட்டால் இந்நாட்டு வரலாற்றிலே தேடித்தான் காணவேண்டும். மனக்குறை ஒருவரைக் களத்துக்கு அழைத்து வந்திருக்கலாம். களத்திலே அவர் எடுத்த நிலை சரியா பிழையா என்பது அதனால் முடிவாகாது. 1938இற் பிறந்து கொழும்பிலே வளர்ந்த வழக்கறிஞர் அவர். வலிகாமத்துத் தோட்டக்காரனோடும் வடமராட்சிக் கடற்றொழிலாளியோடும் நாள்தோறும் பழகியவரல்லர். தொகுதிதோறும் கிளைகளுடைய கட்சி அவரிடம் இருக்கவில்லை. சைக்கிள் சின்னம் ஒன்று இருந்தது. சைக்கிளில்லாத வீட்டை விரல்விட்டு எண்ணக்கூடிய குடாநாட்டிலே அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

அவருக்கு உண்மையான போட்டி, விந்தையாக, கொப்பேகடுவவிடமிருந்தே வந்தது. இது சிறிது விரித்துரைக்கத்தக்கது. சுதந்திரக் கட்சியின் முந்திய ஆட்சி யாழ்ப்பாணத்து மாணவர்க்குத் தரப்படுத்தலைத் தந்தது. 1972ஆம் ஆண்டு அரசியற்றிட்டத்தைத் தந்தது. 1974 சனவரி 10ஆம் நாள் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாட் கூட்டத்தில் உயிர்கள் பலியானதும் அதன் காலத்திலேயே. அக்கட்சியின் அபேட்சகருக்கு யாழ்ப்பாண மாவட்டம் 77,300 வாக்குகள், 35.46 வீதம், அளித்தது. காரணம் மண்ணிலே கிடந்தது. 1970 முதல் 1977 வரை விவசாய, காணி அமைச்சராயிருந்தவர் கொப்பேகடுவ. அந்நியச் செலாவணி இன்மையாலும் கொள்கையாலும் அவ்வரசாங்கம் செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை நிறுத்தியும் கட்டுப்படுத்தியும் வைத்தது. தென்னிலங்கையில் மக்கள் பாணுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற அந்த ஆண்டுகளில், வலிகாமத்துச் செம்பாட்டு நிலத்திலே வெங்காயமும் மிளகாயும் பொன் விளைந்ததுபோல் விலைபோயின. துலா மிதித்த கிணறுகளில் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓசையிட்டன. படித்து முடித்து உத்தியோகம் கிடையாத இளைஞர் கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி மிளகாய் நட்டனர். ஓலை வேய்ந்த வீடுகள் ஓட்டு வீடுகளாயின. 1977இற் பதவியேற்ற அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டது. கப்பலில் வந்த மிளகாயின் முன்னே தோட்டத்து மிளகாய் விலையிழந்தது. கடன் எடுத்து இயந்திரம் வாங்கியவன் கடனோடு நின்றான்.

ஆகவே, தோட்டக்காரன் தன் வாக்கை எடுத்துக்கொண்டு சென்றபோது இரு நினைவுகள் அவன் உள்ளத்தில் வாதிட்டன. ஒன்று இனத்தின் நினைவு. மற்றொன்று வயலின் நினைவு. பின்னதை இழிவாக எண்ணுதல் தகாது. தன் பிள்ளைகளைப் படிப்பித்த வெங்காயத்துக்கு ஒருவன் நன்றி செலுத்துவதிற் பழியில்லை. ஆனால் இவ்விடத்தில் குமார் பொன்னம்பலத்தின் பிரசாரத்தின் ஒரு குறையையும் சுட்டுதல் வேண்டும். தமிழர் உரிமையை வழக்கறிஞர் மொழியில் எடுத்துரைக்க அவரிடம் ஆற்றல் இருந்தது. மிளகாய்ச் சந்தையைப் பற்றி அவர் கட்சியிடம் கொள்கை இருக்கவில்லை. கொப்பேகடுவவின் பழைய ஆட்சி அக்கொள்கையைச் செயலிற் காட்டியிருந்தது. இனவுரிமையும் விளைபொருள் விலையும் ஒரே மேடையிற் பேசப்பட்டிருந்தால் அந்த 77,300 இலே ஒரு பகுதி சைக்கிளுக்குத் திரும்பியிருக்கும்.

ஜெயவர்த்தனாவுக்கு மாவட்டத்தில் 44,780 வாக்குகள், 20.54 வீதம். நூலகம் எரிந்து பதினாறு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கினர் அவரை ஏற்றது பலருக்கும் வியப்பளித்தது. அரசாங்க ஆதரவையும் நியமனங்களையும் நாடினோர் எங்கும் உள்ளனர். அன்றியும் வெற்றி பெறுவது உறுதியான ஒருவரின் பக்கம் நிற்பதே விவேகம் என்று எண்ணுவோர் தொகை எந்நாட்டிலும் குறைவதில்லை. ஏனையோரிற் கொல்வின் ஆர். டி சில்வா 3,376 வாக்குகளே பெற்றார். 1956இற் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து முழங்கிய அதே மனிதர் 1972இல் அரசியற்றிட்டம் வரைந்த அமைச்சருமாவார். யாழ்ப்பாணம் இரண்டையும் மறக்கவில்லை போலும். வாசுதேவ நாணயக்காரவுக்கு நாடு முழுவதிலும் கிடைத்த 17,005 வாக்குகளில் 2,186 யாழ்ப்பாணத்தவை என்பது, மார்க்சியத்தின் ஒரு சிறு கிளை அங்கே இன்னும் பச்சையாக இருந்ததைக் காட்டும்.

இனி வாக்களியாதோரைப் பற்றி. யாழ்ப்பாண மாவட்டத்திற் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் 493,705 பேர். அவர்களில் 228,613 பேரே வாக்குச் சாவடிக்குச் சென்றனர், 46.31 வீதம். நாடு முழுவதிலும் 81 வீதத்தினர் வாக்களித்த தேர்தல் அது. வாக்களியாது இருந்த 265,092 பேரும் கூட்டணியின் சொற்கேட்டே இருந்தனர் எனல் மிகை. வெளியூரில் உழைத்தோர், நோயுற்றோர், அசட்டையாயிருந்தோர் எத்தேர்தலிலும் உண்டு. இளைஞர் இயக்கங்களும் தேர்தலை வேண்டாமென்றன. கூட்டணியின் மென்மையான ஒதுங்கலும் அவ்வியக்கங்களின் கடுமையான மறுப்பும் வெவ்வேறு ஊற்றிலிருந்து பிறந்தவையாயினும் ஒரே வாய்க்காலிற் சேர்ந்தன. எவ்வாறாயினும் பாதிக்கு மேற்பட்ட மாவட்டம் வீட்டிலே இருந்தது.

மட்டக்களப்பை இதனோடு ஒப்பிடுதல் பயனுடைத்து. அங்கே ஒதுங்கி நிற்கும் மனநிலை அவ்வளவு வேரூன்றவில்லை. எழுபது வீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். ஐக்கிய தேசியக் கட்சிக்கு அங்கே கே. டபிள்யூ. தேவநாயகம் இருந்தார்; கூட்டணியிலிருந்து 1979இற் கட்சி மாறிய செ. இராசதுரையும் இருந்தார். இருவரும் அமைச்சர்கள். முஸ்லிம் மக்களின் வாக்கும் கணிசமானது. இத்தனைக்கும் ஜெயவர்த்தனா பெற்றவை 48,094. குமார் பொன்னம்பலம் பெற்றவை 47,095. இடைவெளி 999 வாக்குகள். யாழ்ப்பாணத்துக் கட்சி எனப்பட்ட காங்கிரஸ், யாழ்ப்பாணத்துத் தலைவர்களின் ஆதரவின்றியே, மட்டக்களப்பில் இரு அமைச்சர்களுக்கு எதிரே இவ்வளவு நெருங்கி வந்தது. குமாரின் தேர்தற் பணியிலே மிகவும் பாராட்டத்தக்க பகுதி இதுவே. மிகவும் மறக்கப்பட்ட பகுதியும் இதுவே. மலைநாட்டில் நிலை வேறு. அங்கே தொண்டமான் அமைச்சராயிருந்து சனாதிபதிக்கு ஆதரவு திரட்டினார். 1948ஆம் ஆண்டின் பழங்கணக்கும் தீரவில்லை. சைக்கிள் மலையேறவில்லை.

வெல்ல முடியாத தேர்தலில் நிற்பானேன் என்ற கேள்வி அன்றும் கேட்கப்பட்டது, பின்னரும் கேட்கப்பட்டது. கேட்டவர்கள் தேர்தல் முறையை ஊன்றி நோக்கினாரல்லர். இலங்கைச் சனாதிபதித் தேர்தலில் அதிக வாக்குப் பெறுதல் மட்டும் போதாது. செல்லுபடியான வாக்குகளிற் பாதிக்கு மேற் பெறுதல் வேண்டும். எவரும் பெறாதவிடத்து முதல் இருவர் நீங்கலாக ஏனையோர் விலக்கப்பட்டு, அவர்களுக்கு வாக்களித்தோர் குறித்த இரண்டாம், மூன்றாம் விருப்பங்கள் எண்ணப்படும். எனவே நான்காம் இடத்தவருக்கு விழும் வாக்கும் வீணாவதில்லை. இரு பெருங்கட்சிகளும் தமிழரின் இரண்டாம் விருப்பத்தைத் தேடிவரும் நிலையை உண்டாக்க அம்முறையிலே இடமிருந்தது.

தொகைகளை வைத்தே பார்க்கலாம். ஜெயவர்த்தனா பெற்றது 52.91 வீதம். பாதியினைக் கடந்து அவர் பெற்ற மேலதிக வாக்குகள் ஏறத்தாழ 190,000. யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்த 265,092 பேரும் சென்று அவரல்லாத எவருக்கேனும் வாக்களித்திருந்தால் அவருடைய பங்கு 50.84 வீதமாகச் சுருங்கியிருக்கும். அம்மாவட்டத்தில் அவருக்கு விழுந்த 44,780 வாக்கும் எதிர்ப்பக்கம் சென்றிருந்தால் 50.18 வீதம். மட்டக்களப்பின் 48,094 உம் அவ்வாறே திரும்பியிருந்தால் 49.47 வீதம், பாதிக்குக் கீழ். இது நடந்திருக்கும் என்று சொல்வது வரலாறாகாது. நூற்றுக்கு நூறு வாக்களிக்கும் மாவட்டம் உலகில் இல்லை. கட்டளையிட்டபடி வாக்கைத் திருப்பும் மக்களும் இல்லை. யாழ்ப்பாணம் மட்டும் முயன்றிருந்தால் முடிவு மாறியிராது என்பதையும் இக்கணக்கே காட்டுகின்றது. ஆனால் வடக்கும் கிழக்கும் சேர்ந்து ஒரு சனாதிபதியின் வெற்றியை மயிரிழையில் நிறுத்தக்கூடிய தூரத்திலே இருந்தன என்பதும் இதனாலேயே விளங்கும். அத்தூரத்தை நடந்து கடக்க முயன்றவர் ஒருவர். பாராளுமன்ற உறுப்பினர்களையும் ஊர்தோறும் தொண்டர்களையும் வைத்திருந்தோர் வழியிலே உட்கார்ந்துவிட்டனர்.

உட்கார்ந்தோர் இரண்டே மாதத்தில் எழுந்து நடக்க நேர்ந்தது. சனாதிபதித் தேர்தலில் வென்ற ஜெயவர்த்தனா, 1977இல் தாம் பெற்ற ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மையை விகிதாசாரத் தேர்தலில் இழக்க விரும்பாது, பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீடிக்க மக்கள் தீர்ப்பை நாடினார். டிசெம்பர் 22ஆம் நாள் நடந்த அவ்வாக்கெடுப்பில் ஆம் என்பதற்கு விளக்கும் இல்லை என்பதற்குப் பானையும் சின்னங்கள். இம்முறை கூட்டணி ஒதுங்கவில்லை. பானைக்கு வாக்களிக்குமாறு கேட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 265,534 பேர் பானைக்கும் 25,312 பேர் விளக்குக்கும் வாக்களித்தனர். எதிர்ப்பு 91 வீதத்துக்கு மேல். செல்லுபடியான வாக்குகளின் மொத்தம் ஒக்டோபரிலும் பார்க்க 72,843 கூடிற்று. அழைத்தால் வருவதற்கு மக்கள் ஆயத்தமாயிருந்தனர் என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுவதில்லை. ஆனால் காலம் பிந்திவிட்டது. நாடு முழுவதிலும் விளக்கு 54.66 வீதம் பெற்று வென்றது. 1977ஆம் ஆண்டுப் பாராளுமன்றம் 1988 டிசெம்பர் வரை நீடித்தது.

அதன்பின் நிகழ்ந்தவை அனைவரும் அறிந்தவை. 1983 யூலையின் கொடுமைகள். ஓகஸ்டிற் கொண்டுவரப்பட்ட ஆறாவது திருத்தம். தனியரசை ஆதரியோம் என்ற சத்தியத்தைச் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினரின் ஆசனங்கள் இழக்கப்பட்டமை. ஒதுங்கி நின்று காத்த பாராளுமன்றப் பதவிகள் ஓராண்டுக்கு மேல் நிலைக்கவில்லை. குமார் பொன்னம்பலம் சனாதிபதித் தேர்தலில் மீண்டும் நிற்கவில்லை. கொழும்பு நீதிமன்றங்களில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்ட தமிழ் இளைஞர் பலருக்காக வாதாடினார். பிறர் பேசத் தயங்கியவற்றைக் கொழும்பிலிருந்தே பேசினார். 2000ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் வெள்ளவத்தையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1982இல் அவரை ஒற்றுமையைக் குலைப்பவர் என்றோர் சிலரும் அவருக்கு இரங்கலுரை ஆற்றினர்.

புறக்கணிப்பு என்னும் வழி அவரோடு போகவில்லை. 2005ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இரண்டு வீதத்தினர்கூட வாக்களிக்கவில்லை. அத்தேர்தலில் மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை 180,786 வாக்குகளால் மட்டுமே வென்றார். 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாட் தேர்தலில், தமிழ்க் கட்சிகள் சிலவும் பொது அமைப்புக்களும் கூடி மட்டக்களப்பைச் சேர்ந்த பா. அரியநேத்திரனைப் பொது அபேட்சகராகச் சங்குச் சின்னத்தில் நிறுத்தின. நாடு முழுவதிலும் அவர் பெற்றவை 226,343. யாழ்ப்பாண மாவட்டத்திற் சஜித் பிரேமதாச 121,177 வாக்குகளும் அரியநேத்திரன் 116,688 வாக்குகளும் பெற்றனர். 1982இல் அவருக்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதங்கள் யாவும், ஒற்றுமை குலையும், வெல்ல இயலாது, வாக்கு வீண் என்பன எல்லாம், இம்முறையும் மேடைகளிற் கேட்டன. அத்தேர்தலைத் தமிழர் புறக்கணிக்க வேண்டும் என ஊரூராகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தோர் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியினர். அம்முன்னணியின் தலைவர் குமார் பொன்னம்பலத்தின் மைந்தர் கஜேந்திரகுமார். அதன் சின்னம் சைக்கிள்.